மாட்டான், மாட்டேன்

ஆறு வாரம் ‘அவன்’ என்று மட்டுமே பேசிய ஒரு பையன், ஏழாவது வாரம் ‘மாட்டேன்’ என்றான். அன்று மாலையே நான் செய்த ஒரு காரியத்தால் மறுபடி வாயை மூடிக்கொண்டான். நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் அது ஆறவில்லை. பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டுகளை மனநலச் சிகிச்சைக்கும் பழகும் திறனை வளர்ப்பதற்கும் பயன்படுத்தலாம் என்று யாராவது உற்சாகமாகப் பேசும்போதெல்லாம் (நானே பல இடங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன்) அந்த மாலைதான் கண்முன் வந்து நிற்கிறது. எழுதிப் பார்த்தால் தெளியுமா என்று எழுதுகிறேன்.

நான் மனநல மருத்துவரோ ஆலோசகரோ இல்லை. பல ஆண்டுகளாக நண்பர்களோடு இந்த விளையாட்டை ஆடி வருபவள். பெரும்பாலும் கதை நடத்தும் இருக்கையில் உட்காருபவள். உளவியல் ஆலோசகராக இருக்கும் என் தோழி, தன்னிடம் வரும் பிள்ளைகள் ஐந்து பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து வாரம் ஒரு நாள் ஆடவைக்கலாமா என்று கேட்டாள். சிகிச்சை அவள் பொறுப்பு, கதை என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். எல்லோரும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். இருவர் ஆட்டிசம் உள்ளவர்கள். ஒருத்திக்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் கை நடுங்கும். ஒருவன் சக மாணவர்களின் கேலி தாங்காமல் வகுப்புக்குப் போக மறுத்தவன். இன்னொருத்தி, எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறாள் என்று அனுப்பிவைக்கப்பட்டவள். அவர்கள் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஏற்ற பாத்திரங்களாலேயே அழைக்கிறேன். வில்லாளி, மருத்துவச்சி, திருடி, மந்திரவாதி, கேடயக்காரன். அந்த மேசையிலும் அப்படித்தான் அழைத்தேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக நாலு வரி. ‘கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?’ என்று கதை நடத்துபவர் கேட்பார். சுற்றியிருப்பவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது பலிக்குமா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் 20 முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை 1974இல் வெளியிட்டதிலிருந்து இன்றுவரை சாரம் இவ்வளவுதான். அது போர்க்கள பொம்மை விளையாட்டிலிருந்து கிளைத்தது. மேசைமேல் படைகளை நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு வீரனை எடுத்துக்கொண்டு, அந்த ஒருவனுக்கு என்ன வேண்டும், அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். படையிலிருந்து ஓர் ஆளைப் பிரித்தெடுத்த அந்த இடத்தில்தான் சிகிச்சைக்கான வாசலும் திறந்தது என்று நினைக்கிறேன்.

கேடயம் மட்டும்

அந்தப் பையனுக்கு 13 வயது. முதல் நாள் எல்லோருக்கும் பாத்திரத் தாள் கொடுத்தோம். பெயர், தொழில், வலிமை, அறிவு, ஆயுதம் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டிய ஒற்றைத் தாள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுத் தங்கள் பாத்திரத்தின் முடி நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, கீழே இருந்த மேசையின் நிறம் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் பெயர் எழுதவில்லை. தொழில் என்ற இடத்தில் ‘கேடயம்’ என்று எழுதினான். ஆயுதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டான். கத்தி, ஈட்டி எதுவும் வேண்டாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு தனக்குக் கொடுத்த ஏழு பகடைகளையும் முகங்களின் எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்கினான்: 4, 6, 8, இரண்டு 10, 12, 20. யாராவது மேசையை இடித்து அவை ஒரு நூல் விலகினாலும், கதை எங்கே போய்க்கொண்டிருந்தாலும், முதலில் வரிசையை நேராக்கிவிட்டுத்தான் நிமிர்வான்.

ஆறு வாரங்களில் அவன் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ‘அவன் பின்னால் நிற்கிறான்.’ ‘அவன் கதவைப் பிடித்துக்கொள்கிறான்.’ ‘அம்பு வந்தால் அவன் மருத்துவச்சிக்கு முன்னால் போவான்.’ எல்லாம் படர்க்கை. மற்ற நால்வரும் இரண்டாவது வாரத்திலேயே ‘நான் ஏறுகிறேன்’, ‘நான் திருடுகிறேன்’ என்று தன்மைக்கு வந்துவிட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. விளையாட்டு சூடு பிடித்தால் வாய் தானாக அப்படித் திரும்பிவிடும். தமிழில் இந்தத் திருப்பத்தை மறைக்க முடியாது. ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். போகிறான், போகிறேன். நடுவே ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைக் கடக்காமல் ஒரு பிள்ளை ஆறு வாரம் நின்றுகொண்டிருந்தான். அவசரமில்லை, அவன் நிற்கட்டும் என்று தோழி சொல்லியிருந்தாள்.

மேசை செய்கிற வேலை

இந்த விளையாட்டு ஏன் உதவுகிறது என்று கேட்டால், கற்பனை, வீரம், நட்பு என்று பெரிய சொற்களைச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் சின்னச் சின்னக் காரியங்கள்தான் வேலை செய்கின்றன. எல்லோரும் வரைபடத்தைப் பார்க்கிறோம். யாரும் யார் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசு என்று வாழ்நாள் முழுதும் நச்சரிக்கப்பட்ட பிள்ளைக்கு, ஐந்து பேரும் ஒரே காகிதத்தின்மேல் குனிந்திருக்கிற இடம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் அங்கேதான் கண்டேன். அடுத்தது முறை. சண்டைக் காட்சி வந்தால் யார் முதலில், யார் பிறகு என்று பகடை வரிசை போட்டுவிடும். சாதாரணப் பேச்சில் எப்போது நுழைவது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் உண்டு. ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியைப் பிடிக்கத் தெரியாமல் ஒன்று குறுக்கே விழுவார்கள், அல்லது கடைசிவரை பேசாமலே போய்விடுவார்கள். இங்கே உன் முறை வரும். வந்தே தீரும். அதுவரை யோசித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தோல்வியைத் தாங்குகிற பகடை. 12 அல்லது அதற்குமேல் விழ வேண்டும் என்று வைத்தால், 20 முகப் பகடையில் வெல்லும் வாய்ப்பு 45 சதவீதம். பாதிக்கு மேல் தோற்பாய் என்பது உருட்டும் முன்பே எல்லோருக்கும் தெரியும். தோற்றாலும் ‘உனக்கு ஒன்றுமே தெரியவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. எண் அப்படி விழுந்தது. பேசவே பயப்பட்ட மருத்துவச்சி, ஊர்த்தலைவரிடம் போய் வாதாடும் காட்சியில் 2 போட்டுத் தோற்றாள். எல்லோரும் ‘ஐயோ’ என்று கத்தினார்கள், அவளும் சேர்ந்து கத்தினாள். நாலு பேர் முன்னால் தோற்பது இவ்வளவுதானா என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அன்றைக்குப் பிறகு அவள் கை நடுங்குவது குறைந்தது என்று சொன்னால் அது கதைக்கு அழகாக இருக்கும்; உண்மையில் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கும் கையாலேயே பகடையை எடுத்து உருட்டினாள்.

வேடம் போட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பது புதிய கண்டுபிடிப்பில்லை. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1920களின் வியன்னாவில் மேடையில் திடீர் நாடகம் போடவைத்து, பிறகு அமெரிக்காவில் அதைச் ‘சைக்கோடிராமா’ என்ற சிகிச்சை முறையாகவே வளர்த்தார். மேசை விளையாட்டைப் பற்றியும் 1994இலேயே ஒரு மனநல மருத்துவர் எழுதியிருக்கிறார். தன்னிடம் வந்த, யாரிடமும் ஒட்டாத ஓர் இளைஞர், தான் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதைகளின் வழியாகத் தன் கோபத்தையும் பயத்தையும் பேசக் கற்றதை ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கோதெரபி’ இதழில் அவர் பதிவு செய்தார். இன்று அமெரிக்காவில் கேம் டு குரோ போன்ற அமைப்புகள் இதையே முழுநேரப் பணியாகச் செய்கின்றன. டென்மார்க்கில் ஊஸ்டர்ஸ்கோவ் என்ற உறைவிடப் பள்ளி 2006 முதல் பாடங்களையே பாத்திர விளையாட்டுகளின் வழியாக நடத்துகிறது. ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன, பெரும்பாலும் சிறிய குழுக்கள், பங்கேற்றவர்கள் தாங்களே சொன்னவை. அதனால் இந்த விளையாட்டு ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து பிள்ளையைத் தள்ளியே வையுங்கள். ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோயே இல்லை. மேசையில் கிடைப்பது ஆள் பழகிக்கொள்ள ஓர் இடம், கொஞ்சம் துணிச்சல், சில சமயம் நண்பர்கள். அதுவே எனக்குப் பெரிது.

படகுக்காரரின் கயிறு

ஏழாவது வாரம். இரவு, வெள்ளம், ஆற்றைக் கடந்தாக வேண்டும். கரையில் ஒரு குடிசை, ஒரு படகு, ஒரு கிழப் படகுக்காரர். இருட்டில் படகை எடுக்க மாட்டேன் என்று அவர் ஏற்கனவே மறுத்துவிட்டார். திருடி ஒரு திட்டம் போட்டாள்: ஊருக்குள் இருக்கும் அவர் மகள் வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொல்ல வேண்டியது, அவர் பதறிக்கொண்டு ஓடுவார், நாம் படகை எடுத்துக்கொண்டு போய்விடலாம். நல்ல திட்டம். விளையாட்டு மொழியில் சொன்னால் பிரமாதமான திட்டம். மந்திரவாதி எழுந்து நின்று கை தட்டினான். வில்லாளி ஓடிப்போய்ச் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். படகைக் கட்டியிருக்கும் கயிறு தடிமனானது, அதை அவிழ்க்கப் பலம் வேண்டும். அது கேடயக்காரனுக்கு என்று முடிவாயிற்று.

‘அவன் அவிழ்க்க மாட்டான்’ என்றான்.

‘ஏன்? உன் ஆள்தானே பலசாலி?’ என்றாள் திருடி.

அவன் பகடை வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். தோழி மேசைக்கு அடியில் என் காலை லேசாக மிதித்தாள். பிறகு அவன் சொன்னான்: ‘அவிழ்க்க மாட்டேன். வீடு எரிகிறது என்று சொன்னால் அவர் பயந்துவிடுவார்.’

யாரும் பேசவில்லை. அந்த ‘மாட்டேன்’ மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மந்திரவாதி, ‘அப்படியானால் என்ன செய்வது?’ என்று கேட்டான். ‘கேட்கலாம்’ என்றான் இவன். ‘அதுதான் கேட்டோமே, மறுத்துவிட்டாரே’ என்றாள் திருடி. ‘ஏன் மறுத்தார் என்று கேட்கவில்லை’ என்றான்.

உருட்டச் சொன்னேன். 12 வேண்டும். 20 முகப் பகடை மேசையில் ஓடி, வரைபடத்தைத் தாண்டி, திருடியின் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. 4. தோல்விதான். ஆனால் தோல்வி என்றால் கதவு மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. படகுக்காரர் அன்றிரவு வரச் சம்மதிக்கவில்லை, ஆனால் காரணத்தைச் சொன்னார்: விளக்கின் கண்ணாடி உடைந்துவிட்டது, ஆற்றுக்குள் இருக்கும் பாறைகள் இருட்டில் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து பேரும் அந்த இரவு முழுவதும் விளக்கைச் சரிசெய்வது எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். திருடி, எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவள், தன் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்த பகடையை எடுத்து, அவன் வரிசையின் கடைசியில், அது இருந்த இடத்தில், கோணாமல் நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவன் அதைத் திருத்தவில்லை.

மற்றவர் மனதை ஊகிக்கத் தெரியாத பிள்ளை என்று பள்ளி அறிக்கையில் எழுதியிருந்ததாக அவன் அம்மா முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். இல்லாத ஒரு கிழவர் பயந்துவிடுவாரே என்று தயங்கிய ஒரே பிள்ளை அவன்தான்.

பெட்டிக்கு வெளியே

ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் பாத்திரத் தாள்களை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மூடுவோம். நாடக வழிச் சிகிச்சையில் வேடத்தைக் களைவதற்கென்று இப்படி ஏதாவது ஒரு சடங்கு வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் போனது பெட்டிக்குள்ளேயே இருக்கும், அடுத்த வாரம்தான் திறப்போம் என்று முதல் நாள் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். அன்று அந்தப் பெட்டியை மூடிவிட்டு நேராக வெளியே போனேன். அவன் அம்மா அழைத்துப்போக வந்து நின்றிருந்தார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ‘இன்று உங்கள் பையன் எவ்வளவு அழகாகப் பேசினான் தெரியுமா! எல்லோரையும் எதிர்த்து நின்று மாட்டேன் என்று சொன்னான்’ என்றேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் பக்கம் திரும்பி, ‘நீயே சொல்லேன், அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டு’ என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ‘வீட்டிலேயும் இப்படிப் பேசலாமே, கண்ணா’ என்றார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. எத்தனை வருட ஏக்கம்.

அவன் தரையைப் பார்த்தான். வலது கையின் விரல்கள் கால்சட்டை மேல் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தன. அங்கே எதுவும் இல்லை.

அடுத்த வாரம் ‘அவன்’ திரும்பி வந்துவிட்டான். அதற்கடுத்த வாரம் முறை வந்தபோதெல்லாம் ‘அடுத்தவர்’ என்று மட்டும் சொன்னான். மூன்றாவது வாரம் கதவுவரை வந்து உள்ளே வராமல் திரும்பிப் போனான். மேசையில் அவன் பகடைகளை நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஆட்டம் முழுவதும் அவை அப்படியே இருந்தன.

‘பாராட்டுகிறேன் என்று அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாய்’ என்றாள் தோழி. கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்ன பிறகுதான் எனக்கு இலக்கணம் புரிந்தது. படர்க்கையிலிருந்து தன்மைக்கு அவன் தானாக வந்தான். நான் ‘நீ’ என்ற முன்னிலையைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினேன். ‘மாட்டேன்’ என்று சொன்னது யார்? கேடயக்காரனா, அந்தப் பையனா? அது தெரியாமல் இருக்கிற வரையில்தான் அவனால் அதைச் சொல்ல முடிந்தது. குழந்தை எங்கே போனாலும் இழுத்துக்கொண்டு திரிகிற பழைய துணியைப் பற்றி, குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் சொன்ன ஒன்று உண்டு: இது நீயாகக் கற்பித்துக்கொண்டதா, வெளியிலிருந்து உனக்குக் கிடைத்ததா என்று அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்பதில்லை, கேட்கக் கூடாது என்பது பெரியவர்களுக்குள் ஒரு மௌன உடன்பாடு. நான் அந்தக் கேள்வியைக் கேட்டதோடு, பதிலையும் நானே சொல்லி, அதற்குச் சாட்சியாக அவன் அம்மாவையும் நிறுத்திவிட்டேன்.

மொரேனோவின் முறையிலும் இதற்கொரு காவல் இருக்கிறது. நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் பேசுவார்கள், ஆனால் நடித்தவரைப் பற்றிப் பேசக் கூடாது. அலசவோ அறிவுரை சொல்லவோ கூடாது. இதைப் பார்க்கும்போது என் வாழ்க்கையில் இது நினைவுக்கு வந்தது என்று தன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு அனுபவத்திலிருந்து வந்த விதி என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்று நான் அவன் அம்மாவிடம் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், ‘இன்று ஆட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது’ என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவில் 1980களில் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு பெரும் பீதி கிளம்பியது. பிள்ளைகள் கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுவார்கள், சூனியத்தில் விழுவார்கள், உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் பேசினார்கள். 1985இல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை அது போனது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் மேசையில் ஐந்து பிள்ளைகளுக்கும் எது கதை, எது நிஜம் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. அந்த எல்லைக்கோட்டை மறந்தது நான்தான்.

பயிற்சி என்ற சொல்

இதற்குப் பிறகு ‘சமூகத் திறன் பயிற்சி’ என்ற சொற்றொடர் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. அதன் பெயரில் நடப்பவற்றில் பாதி, கண்ணைப் பார், கை குலுக்கு, சிரி, இத்தனை விநாடிக்கு மேல் உன் விருப்பத்தைப் பற்றிப் பேசாதே என்பதாக இருக்கிறது. பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளும். நாள் முழுவதும் அப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுக்கும். ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் அறுந்துபோனால் அந்தக் குறை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது. எங்கள் மேசையில் அன்று திறன் கற்றுக்கொண்டது யார் என்று பார்த்தால், திருடி கற்றுக்கொண்டாள். அவனுக்கு வரிசை முக்கியம் என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொண்டு பகடையைத் திருப்பி வைத்தாள். அதற்கு எந்த மதிப்பெண் தாளிலும் கட்டம் இல்லை. நானும் அவளிடமிருந்து கற்றிருக்க வேண்டும்.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்களிடையே ‘கசிவு’ என்று ஒரு பேச்சு உண்டு. பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள்ளும், ஆடுபவருடையது பாத்திரத்துக்குள்ளும் ஊறிவிடுவது. சிகிச்சையாக இதைப் பயன்படுத்துகிறவர்கள் நம்பியிருப்பதே அந்தக் கசிவைத்தான். கதையில் வந்த துணிச்சல் மெல்ல ஊறி வாழ்க்கைக்கு வரும் என்ற நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான். ஆனால் ஊறுவதற்கு அதன் நேரம் வேண்டும். நாம் துணியைப் பிழிந்து காட்டச் சொல்கிறோம்.

எல்லா மேசைகளும் நல்லவை என்றும் நான் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவரை உரத்த குரல்காரர்கள் ஓரம் கட்டுவதைப் பொழுதுபோக்கு மேசைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் மேசையில் நடுவே ஓர் அட்டை வைத்திருந்தோம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற விளையாட்டாளர் உருவாக்கியது. நடுவில் ஒரு பெருக்கல் குறி. காட்சி யாருக்காவது தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். அவன் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அந்த அட்டை மேசையில் இருந்தது. வெளியே, அவன் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே அவன் நின்றபோது, தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

மன்னிப்பு

அந்த மாலைக்குப் பிறகு நான்காவது வாரம் அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். அம்மாவும் தோழியும் பேசியிருந்தார்கள். நான் வாரம் முழுக்க யோசித்து ஒரு காட்சி தயார் செய்து வைத்திருந்தேன். படகுக்காரர் கேடயக்காரனைத் தேடி வருவார். ‘நீ எனக்காகப் பேசியதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள்’ என்பார். எனக்கு அது மிக நுட்பமான ஏற்பாடாகத் தோன்றியது. அவனுடைய மொழியிலேயே, கதைக்குள்ளிருந்தே மன்னிப்பு. காட்சி வந்தது. கிழவரின் குரலில் நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ‘படகுக்காரர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? அவர் ஒன்றும் செய்யவில்லையே’ என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது சரி. தவறு செய்தவள் நான், ஒரு கிழவரை அனுப்பியிருக்கிறேன். திரை அவனுக்காகப் போடப்பட்டது. அதன் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆட்டத்தை நிறுத்தினேன். மற்ற நால்வரையும் தோழி தண்ணீர் குடிக்க அழைத்துப்போனாள். ‘அன்று உன் அம்மாவிடம் உன்னைக் கேட்காமல் சொன்னேன். பெட்டிக்குள் இருக்க வேண்டியதை வெளியே எடுத்தேன். அது தவறு. இனி செய்ய மாட்டேன்’ என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

‘சரி அக்கா’ என்றான். பிறகு, ‘படகு இப்போது எந்தக் கரையில் இருக்கிறது?’ என்று கேட்டான்.

அதன்பின் பெற்றோர்கள் ஐவரோடும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளை வெளியே வந்ததும் ‘இன்று பேசினாயா?’ என்று கேட்க வேண்டாம், எங்களிடமும் கேட்க வேண்டாம், சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள் என்றோம். சிலருக்கு வருத்தம். கட்டணம் கட்டி அனுப்புகிறவர்களுக்கு என்ன முன்னேற்றம் என்று தெரிய வேண்டாமா என்று ஓர் அப்பா கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டும் மாதம் ஒரு முறை தோழி பகிர்ந்துகொள்வாள் என்று முடிவு செய்தோம். கேடயக்காரன் எந்த வாரம் மறுபடி ‘நான்’ என்றான் என்பதை நான் குறித்துவைக்கவில்லை. வேண்டுமென்றேதான் குறிக்கவில்லை. சில நாள் அவன், சில நாள் நான், சில நாள் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும்.

கடைசி நாள் பெட்டியைத் திறந்து தாள்களை அவரவரிடம் கொடுத்தோம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று. வருடம் முழுக்க அழித்து எழுதியதில் எல்லாத் தாள்களும் கசங்கிப் போயிருந்தன. அவனுடைய தாளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. எப்போதோ பின்னாலிருந்து டேப் ஒட்டியிருந்தேன். திருடி எட்டிப் பார்த்து, ‘கடைசிவரை பெயரே வைக்கவில்லையே நீ’ என்றாள்.

‘பெயர் இருக்கிறது’ என்றான். ‘எழுதவில்லை.’

அவள் மேலே கேட்கவில்லை. தன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் தன்னுடையவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.